உப்புப் பைக்கு ஒரு நீலம்

மையின் தடிப்பை அளக்க எங்களிடம் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதன் அடியில் ஒரு துளை. கிண்ணத்தை மைக்குள் அமுக்கி, நிரம்பியதும் மேலே தூக்கினால், துளை வழியாக மெல்லிய நூல்போல மை இறங்கும். அந்த நூல் அறும்வரை எத்தனை செக்கன் என்று எண்ணவேண்டும். ஒரு குழந்தைகூடச் செய்துவிடும் வேலை. ஆனால் நீல மை இறங்கும்போது நான் பலமுறை எண்ணிக்கையைத் தவறவிட்டிருக்கிறேன். நூல் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். மை கீழே போகவில்லை, என் கைதான் மெல்ல மெல்ல மேலே போகிறது என்று ஒரு மயக்கம் வரும். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகம் காலை வெளிச்சத்தில் அசைவில்லாமல் கிடக்கும். எதிர்க்கரை மலைகள் தண்ணீருக்குள்ளும் ஒருமுறை இருக்கும்.

"எத்தனை செக்கன்?" என்று மிஸ் கேட்பார்.

"தெரியாது மிஸ்."

"திரும்பப் பிடியுங்கோ. இந்த முறை கண்ணை மணிக்கூட்டில வையுங்கோ, கடலில வேண்டாம்."

அது துறைமுகப் பக்கத்து வீதியொன்றில், பழைய களஞ்சியத்தின் மேல்மாடியில் தடுத்துச் செய்த அறை. கீழே பிளாஸ்டிக் சாக்குகளில் அச்சடிக்கும் இயந்திரம் ஓடும். மேலே மிஸ்ஸும் நானும். மிஸ் மட்டக்களப்புக்காரர், இரசாயனத்தில் பெரிய படிப்புப் படித்தவர். நான் பல்கலைக்கழகத்தை முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள். கம்பனி எங்களுக்கு ஒரேயொரு காரியத்தைத் தந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மைக்குப் பதிலாக, உப்புப் பைகளுக்கு ஒரு நீலத்தை நாங்களே செய்யவேண்டும். உப்புக்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டால் இந்த அறை இருக்கும். இல்லாவிட்டால் அறையைப் பூட்டி, மிஸ்ஸைக் கொழும்புக்கு எடுப்பார்கள். என்னை எங்கே எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடதாசி மையைக் குடிக்கும். பிளாஸ்டிக் குடிக்காது. வாழையிலையில் தண்ணீர் உருள்வதுபோல மை அதன்மேல் கூடிக் கூடி நிற்கும். அதனால் சாக்குத் துணியை முதலில் மின்பொறிக்குக் கீழே ஓடவிடுவார்கள். இருட்டான இடைவெளியில் ஊதா நிறத்தில் ஒரு மழை தூறுவதுபோல இருக்கும். இடி முழங்கி ஓய்ந்த பிறகு வருகிற வாசம் வரும். அந்தப் பொறி பட்டபின் துணி கொஞ்சம் மனம் இளகிவிடும்; அதற்குள் நாங்கள் நல்ல பிசினோடு மையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். பிசின்தான் மையின் கை. நிறத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் துணியைப் பிடித்துக்கொள்வது அதுதான்.

நீலத்துக்கு உடம்பு கொடுக்கக் கொஞ்சம் வெள்ளைத்தூள் போடுவோம். புல்மோட்டைக் கரையில் அள்ளும் கறுப்பு மணலிலிருந்துதான் அந்த மாதிரி வெள்ளை பிறக்கிறது என்று மிஸ் சொன்ன நாளில் நான் வேலையே செய்யவில்லை. எங்கள் கரையில் கறுப்பாகக் கப்பலேறிப் போவது, எங்கோ கண்காணாத தேசத்தில் வெள்ளையாகி, பொதியில் கட்டுண்டு திரும்பி என் மேசைக்கு வருகிறது. ஒரு கரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பின் தடமே இல்லை.

செய்த நீலங்களையெல்லாம் சாக்குத் துண்டுகளில் அடித்துச் சோதித்தோம். ஒட்டுநாடாவை ஒட்டி வெடுக்கென்று உரித்தோம். காய்ந்த துணியால் தேய்த்தோம், ஈரத் துணியால் தேய்த்தோம். கடல்நீரில் ஊறவைத்து எடுத்து, வளவின் முட்கம்பி வேலியில் கட்டி, வெயிலிலும் உப்புக்காற்றிலும் தொங்கவிட்டோம். ஒரு காலை வந்து பார்த்தால் ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு வேலியோரம் நின்று, ஒவ்வொரு துண்டாக நக்கிக்கொண்டிருந்தன. கடலுப்பு அவற்றுக்குப் பிடித்துப்போயிருந்தது. நான் துரத்த ஓடினேன். அச்சு இயந்திரத்தை ஓட்டும் நானா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், அவர் என்னைப் பகிடிக்கு டொக்டர் என்பார்.

"விடுங்க டொக்டர், விடுங்க. இதுவும் ஒரு டெஸ்ட்தானே?"

மான்கள் போனபின் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது.

"மான் நக்கியும் போகல்ல. எழுதிக் கொள்ளுங்க, பாஸ்!"

நான் உண்மையாகவே கொப்பியில் எழுதினேன். மிஸ் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு கோட்டால் வெட்டிவிட்டார்.

கடைசியில் ஒரு நீலம் வந்தது. எல்லாச் சோதனையிலும் நின்றது. நல்ல மினுக்கம். நானா ஒரு லோடு பைகள் அடித்துத் தந்தார். ஒரு பாய்மரப் படகு, அதன் கீழே பெரிய எழுத்தில் 'உப்பு', பிறகு அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். உப்புக்காரர்கள் பத்து நாள் பாவித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளில் முதல் ஏழு நாட்கள் என் வாழ்க்கையில் மிக லேசான நாட்கள். லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வரும்போது தெருவில் கண்ட நீலமெல்லாம் எனக்குச் சொந்தமாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல், படகுக்கு மூடிய படங்கு, மீன்கடைத் தராசின் தட்டு. இதற்குக் கொஞ்சம் பச்சை கூடிவிட்டது, அதற்கு வெள்ளை காணாது என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருத்திக்கொண்டே போவேன்.

அப்பா மூட்டை தூக்குகிறவர். துறைமுக வீதியின் மறுமுனையில், அதே உப்புக்காரர்களின் களஞ்சியத்தில்தான் அவருக்கு வேலை. நிலாவெளிப் பக்கத்திலிருந்து வரும் உப்பு அங்கே பைகளில் நிரம்பி, லொறிகளில் ஏறும். நாங்கள் வேலையைப் பற்றி வீட்டில் அதிகம் கதைப்பதில்லை. அவருக்கு நான் 'கந்தோருக்கு' போய் மேசையில் இருந்து வேலை செய்கிறவன். மை செய்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். பேனைக்கு ஊற்றுகிற மை என்று நினைத்துக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

எட்டாம் நாள் பின்னேரம் அம்மா கிணற்றடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"தலகணி உறை மூண்டும் நீலம். துவாய் நீலம். நான் என்ன சாயக்கடையோ நடத்திறன்?"

"நான் என்ன செய்ய? வேலைக்குப் போனா ஊத்தை வரும்தானே" என்றார் அப்பா. அவர் சேட்டைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்தார். பிடரிக்குக் கீழே, இரண்டு தோள்மூட்டுக்கும் நடுவில், ஒரு பாய்மரப் படகு நின்றது. வலப்பக்கம் போகவேண்டிய படகு இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதன் கீழே எழுத்துகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறி இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நாளின் 'உப்பு'.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அப்பா, இது எப்ப இருந்து?"

"புதுப் பை வந்த நாளில இருந்து. எல்லாருக்கும் இருக்கு. ஆளுக்கு ஆள் முதுகைப் பாத்துச் சிரிக்கிறம்." அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"உப்பு எண்டு."

"அப்ப சரி. பிழையா ஒண்டும் எழுதேல்லத்தானே."

"கடிக்குதோ?"

"கொஞ்சம். உப்பும் சேந்தா எரியும்."

கழுத்தோரம் தோல் சிவந்து, நீலத்தின் ஓரமெல்லாம் பொரிந்திருந்தது.

கையை வைத்துப் பார்த்தேன். விரல் வழுக்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உப்பு மூட்டை தூக்குகிறவர்கள் முதல் மூட்டைக்கு முன்னால் தோளிலும் பிடரியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார்கள். பையிலிருந்து கசியும் உப்பு தோலைத் தின்னாமல் இருக்க அதுதான் அவர்களின் காப்பு. களஞ்சிய வாசலில் ஒரு போத்தல் கயிற்றில் தொங்கும். நான் பிறந்த நாளிலிருந்து அந்த எண்ணெய் வாசத்தில்தான் வளர்ந்தேன். அப்பா சாய்ந்திருக்கும் சுவரில் அவருடைய முதுகளவுக்கு ஒரு எண்ணெய்க்கறை எப்போதும் இருக்கும். தண்ணீர், கடல்நீர், வெயில், காற்று, மான் என்று அத்தனையையும் சோதித்தவன், எண்ணெயை நினைக்கவேயில்லை. அது எனக்கு ஒரு பொருளாகவே தெரிந்திருக்கவில்லை. அப்பாவின் தோலின் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறேன்.

குசினிக்குள் போய் எண்ணெயை விரலில் தொட்டு, என் பையிலிருந்த மாதிரித் துண்டில் ஒரு இழுப்பு இழுத்தேன். நீலம் கூடவே வந்தது. எங்கள் பிசின் தண்ணீருக்கு அசையாது. எண்ணெய் பட்டால் இளகிவிடும். புத்தகத்தில் அது எழுதியிருக்கிறது. நான் அதைப் பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு நாள் இருந்தது. உப்புக்காரர்கள் பைகளைப் பார்ப்பார்கள். முதுகுகளைப் பார்க்க மாட்டார்கள். பையில் நீலம் கொஞ்சம் மங்கியிருக்கும். அதை யாரும் கவனிக்காமலும் விடலாம். தூக்குகிறவர்கள் முறைப்பாடு சொல்லப்போவதில்லை. கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் நீலத்திலிருந்து ஈயத்துக்கும், ஈயத்திலிருந்து பெயரில்லாத ஒரு நிறத்துக்கும் மாறியது. வள்ளம் ஒன்று வடக்கே இறக்கக்கண்டிப் பக்கமாகப் போனது. சொல்லாமல் விட்டால் என்ன என்று அலையின் வேகத்தில் ஒரு யோசனை வந்து வந்து போனது. அது கெட்ட யோசனையாகவும் தோன்றவில்லை. மிக மென்மையாக, நித்திரை வருவதுபோல வந்தது. பொரிந்த தோலை நினைத்தபோது மட்டும் அது நின்றது.

மறுநாள் காலை மிஸ்ஸிடம் சொன்னேன். எண்ணெய் தொட்ட துண்டை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எண்ணெய்ச் சோதனை ஏன் செய்யேல்ல?"

"நினைக்கேல்ல மிஸ்."

"நானும் நினைக்கேல்ல" என்றார். "உப்புப் பையில எண்ணெய்க்கு என்ன வேலை எண்டுதான் இருந்தனான்." பிறகு தொலைபேசியை எடுத்து உப்புக்காரர்களின் மேலாளரைக் கூப்பிட்டார். எங்கள் மையில் குறை இருக்கிறது, மிச்சப் பைகளைப் பாவிக்கவேண்டாம், தூக்குகிறவர்களின் தோலில் ஒட்டுகிறது என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். மேலாளருக்கே முறைப்பாடு வராத குறையை நாங்களாகவே சொன்னது அவருக்கு வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, இன்னும் ஒருமுறை அடித்துத் தாருங்கள் என்றார். ஒரே ஒருமுறை.

அன்றிலிருந்து நாட்கள் நீல நீலமாகப் போயின. பருத்தியிலிருந்து செய்யும் இன்னொரு பிசின் இருக்கிறது. எண்ணெய்க்கு அது அசையாது. ஆனால் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவும் தெரியாது. அதைக் கூட்டினால் எண்ணெயில் நிற்கும் நீலம் ஒட்டுநாடாவோடு உரிந்து வந்தது. குறைத்தால் நாடாவுக்கு நின்றது எண்ணெயில் கரைந்தது. நானா நாளுக்கு இரண்டுதரம் மேலே ஏறி வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்ன டொக்டர், பேஷன்ட் தப்புமா?"

"ஒரு பக்கம் பிடிச்சா மற்றப் பக்கம் விடுது நானா."

"அப்ப இது மையில்ல, என்ட மச்சான்."

ஏழாவது கலவை இரண்டுக்கும் நின்றது. எண்ணெய் நனைத்த துணியைப் பாரத்தின் கீழ் வைத்து இழுத்துப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே வந்தது. அந்த மாதிரியை வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணிக்கு வேர்க்குமோ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் அந்த மை அடித்த பத்துப் பைகளோடு களஞ்சியத்துக்கே போனேன். நானே தூக்கிப் பார்க்கிறேன் என்றேன். முதலில் யாரும் நம்பவில்லை.

"அண்ணை, உங்கட மகன் முதுகால படிக்க வந்திருக்கிறார்!" என்று ஒருவர் கத்தினார்.

"பட்டம் எடுத்த முதுகடா, பாத்து வையுங்கோ. ஒடிஞ்சா கவுண்மேந்துக்கு நட்டம்!"

அப்பா சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசலில் தொங்கிய போத்தலைச் சரித்து, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, என் தோளிலும் பிடரியிலும் அவரே பூசிவிட்டார். அந்தக் கை மரப்பட்டை போல இருந்தது. என்னைக் குளிப்பாட்டிய காலத்துக்குப் பிறகு அவர் என் முதுகைத் தொட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"குனி. மூச்சைப் பிடிக்காத. காலைப் பாத்து நடக்காத, லொறியைப் பாத்து நட."

இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி என்மேல் வைத்தார்கள். உலகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. நிலம், பலகை, லொறியின் வாய். வெயிலில் கிடந்த பை சுட்டது. உப்பு பொரபொரவென்று காதோரம் அசைந்தது. வேர்வையும் எண்ணெயும் கலந்து முதுகில் ஓடுவது தெரிந்தது. மூன்றாவது மூட்டையில் நான் சரிய, பக்கத்தில் நின்றவர் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அப்பா பின்னால் வந்து பார்த்தார்.

"படகு இல்லை. கீழ்ப்பக்கம் கொஞ்சம் இருக்கு. புகை மாதிரி."

வெயில்தான் காரணம். எண்ணெய்ச் சோதனையை நாங்கள் குளிரூட்டிய அறையில்தான் செய்திருந்தோம்; அங்கே மை சூடாகவில்லை. சூடு, வேர்வை, எண்ணெய், மூன்றும் ஒன்றாக வந்தால் பிசின் கொஞ்சம் கை தளர்த்திவிடுகிறது. திரும்பிப்போய் மிஸ்ஸிடம் என் முதுகைக் காட்டவேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, பை ஒன்றைப் பார்ப்பதுபோலவே பார்த்து, "கீழ்ப்பக்க எழுத்துதான் வந்திருக்கு. அங்க மை தடிப்பு" என்று கொப்பியில் எழுதினார். மெழுகைக் கூட்டினோம். நானா இயந்திரத்தில் மைப்பூச்சை மெல்லிசாக்கி, காயவைக்கும் காற்றை இன்னும் கொஞ்சம் சூடாக்கினார். மினுக்கம் போய்விட்டது. பழைய நீலத்தின் பக்கத்தில் இது பனிக்காலக் கடல்போல மங்கலாக இருந்தது. எனக்குக் கவலை. நானா மட்டும், "மினுங்கிறதுக்கு இது சாரியா? உப்புப் பை" என்றார்.

கடைசிச் சோதனைக்கு உப்புக்காரர்களின் மேலாளரும் மிஸ்ஸும் களஞ்சியத்துக்கு வந்தார்கள். மத்தியான வெயில். பைகளைக் காலையிலிருந்தே முற்றத்தில் போட்டிருந்தோம். தூக்குகிறவர்கள் எல்லாரும் எண்ணெய் பூசிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன். இந்த முறை யாரும் கிண்டல் செய்யவில்லை. அப்பா எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவர் மூட்டையோடு நடக்க, நான் பின்னால் மூட்டையோடு நடந்தேன். அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்தேன். பலகை ஒவ்வொரு முறையும் தாழ்ந்து எழுந்தது. எத்தனை மூட்டை என்று நான் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் பாரம் தெரியவில்லை. தூங்குகிறவன் நடப்பதுபோல லொறிக்கும் முற்றத்துக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தேன். லொறி நிறைந்துவிட்டது என்று யாரோ சொல்லித்தான் நின்றேன்.

மேலாளர் தன் வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்தார். அப்பாவின் பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாகத் துடைத்தார். பிறகு மற்றவர்கள், பிறகு நான். கைலேஞ்சியை விரித்து வெயிலில் பிடித்தார். எண்ணெயும் வேர்வையும் கொஞ்சம் புழுதியும் இருந்தன.

"நீலம் இல்லை" என்றார். அதை நாலாக மடித்து, அந்த அழுக்கோடேயே சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அடுத்த லோடும் இதிலயே அடியுங்கோ. எழுத்தில தாறன்."

மிஸ் "சரி" என்று மட்டும் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். அறையைப் பூட்டவேண்டாம் என்று இரண்டுதரம் சொன்னார்.

லொறி புறப்பட்டது. பின்பக்கம் படங்கு மூடவில்லை. அடுக்கியிருந்த பைகளில் எங்கள் நீலம் தெரிந்தது. அப்பாவும் நானும் சேட்டுப் போடாமல் வீதியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகு எரிந்தது.

"எதுவரைக்கும் வாசிக்கலாம்?" என்று அப்பா கேட்டார்.

லொறி மதகைத் தாண்டியது. வீதி வளையும் இடத்தில் வேகம் குறைத்தது.

"இதுவரைக்கும்தான் அப்பா. இனி வாசிக்க ஏலாது."

அப்பா கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னும் தெரியுது" என்றார்.